முடுக்கம் பெறும் பிரபஞ்சம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1998ஆம் ஆண்டில் இரு ஆய்வுக்குழுக்கள், ஒன்றையொன்று முந்தப் பார்த்துக்கொண்டே, ஒரே முடிவுக்கு வந்து சேர்ந்தன: பிரபஞ்சத்தின் விரிவு தளர்ந்து வரவில்லை, முடுக்கம் பெற்று வருகிறது. ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கிய சால் பெர்ல்மட்டர், மற்றொரு குழுவைச் சேர்ந்த பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் ஆகிய மூவருக்கும் 2011ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு இதற்காகவே வழங்கப்பட்டது. செய்தி பரவிய அளவுக்குக் குழப்பங்களும் பரவின. அவற்றுள் பெரும்பாலானவை ‘வேகம்’ என்ற ஒரே சொல்லிலிருந்து கிளைத்தவை என்பது என் கருத்து. ‘விரிவின் வேகம்’ என்று எழுதும்போது, ஒரு விண்மீன் மண்டலம் நம்மைவிட்டு விலகும் வேகத்தைச் சொல்கிறோமா, தூரங்கள் வளரும் வீதத்தைச் சொல்கிறோமா என்று நாம் பிரித்துக் காட்டுவதில்லை. இந்தப் பக்கத்தில் இவ்விரு சொற்களும் பிரித்தே ஆளப்படுகின்றன.

முடுக்கம் என்றால் ஹபிள் மாறிலி நாளுக்கு நாள் கூடிவருகிறது என்றுதானே பொருள்?

இல்லை. முடுக்கம் நடந்துகொண்டிருக்கும் இந்தக் காலத்திலும் அது குறைந்துகொண்டுதான் வருகிறது. இதைக் கேட்டவுடன் முரண்பாடாகத் தோன்றும். ஆகவே சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

ஹபிள் மாறிலி என்பது வேகம் அன்று, வீதம். பெருவெடிப்பின் எச்ச ஒளியை அளந்த பிளாங்க் விண்கலத்தின் அளவீடுகளின்படி அதன் இன்றைய மதிப்பு ஒரு மெகாபார்செக்குக்கு நொடிக்கு 67.4 கி.மீ. ஆகும். ஒரு மெகாபார்செக் என்பது ஏறத்தாழ 32.6 லட்சம் ஒளியாண்டுகள். அந்தத் தொலைவில் உள்ள ஒரு மண்டலம் விரிவின் காரணமாக நொடிக்கு 67.4 கி.மீ. வேகத்தில் விலகும், 100 மெகாபார்செக் தொலைவில் உள்ளது 6,740 கி.மீ. வேகத்தில் விலகும். ஆக, பிரபஞ்சம் முழுமைக்கும் ஒரே ‘விரிவு வேகம்’ கிடையாது. தொலைவைச் சொன்னால்தான் வேகத்தைச் சொல்ல முடியும். எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது வீதம் மட்டுமே.

வட்டிக் கணக்கு இதற்குப் பொருத்தமான ஒப்புமை. 1,000 என்ற முதலுக்கு 10 சதவீத வட்டி கிடைத்தால் முதலாண்டில் 100 சேரும். அடுத்த ஆண்டில் வட்டி வீதம் 9.5 சதவீதமாகக் குறைந்தாலும், முதல் 1,100 ஆகிவிட்டதால் சேரும் தொகை 104.5 ஆக உயர்கிறது. வீதம் இறங்கியது, சேரும் தொகை ஏறியது. பிரபஞ்சத்தில் இப்போது நடப்பதும் இதுவே. குறிப்பிட்ட ஒரு மண்டலத்தை நீண்ட காலம் பின்தொடர்ந்து பார்த்தால் அது விலகும் வேகம் கூடிக்கொண்டே போகும். முடுக்கம் என்று நாம் சொல்வது அதைத்தான். ஆனால் 100 மெகாபார்செக் தொலைவில் ஒரு கோட்டைக் கிழித்து, அதை அந்தந்தக் காலத்தில் கடக்கும் மண்டலங்களின் வேகத்தை அளந்துவந்தால், அவ்வேகம் தலைமுறைக்குத் தலைமுறை குறைந்தே வரும். முடுக்கத்துக்குக் காரணமாகக் கருதப்படும், இன்னதென்று தெரியாத இருண்ட ஆற்றலின் அடர்த்தி மாறாது என்று கொண்டால், ஹபிள் வீதம் 67.4இலிருந்து படிப்படியாகக் குறைந்து ஏறத்தாழ 56ஐ நெருங்கும். அதற்குக் கீழே இறங்காது. வீதம் சுழியை நோக்கிச் சரியாமல் ஒரு மதிப்பில் நிலைகொள்ளப் போவதுதான் முடுக்கத்தின் அடையாளம்.

‘மாறிலி’ என்ற பெயரும் இந்தக் குழப்பத்துக்குத் துணைபோகிறது. அது இடத்துக்கு இடம் மாறாதது. காலத்துக்குக் காலம் மாறுவது.

தொலைவில் உள்ள மண்டலங்கள் அதிக வேகத்தில் விலகுகின்றன. இதுதானே முடுக்கத்துக்குச் சான்று?

இதுவும் இல்லை. தொலைவும் விலகு வேகமும் நேர்விகிதத்தில் இருப்பது சீரான விரிவு எதற்கும் பொருந்தும். அந்த விரிவு தளர்ந்து வந்தாலும் பொருந்தும், முடுக்கம் பெற்றாலும் பொருந்தும். 1927இல் ஜார்ஜ் லெமைத்ரும் 1929இல் எட்வின் ஹபிளும் வெளியிட்ட முடிவுகளில் இந்த உறவுதான் இருந்தது. அவற்றில் முடுக்கத்தைப் பற்றி எதுவும் இல்லை.

இதே கேள்வியைத் தலைகீழாகக் கேட்பவர்களும் உண்டு, அவர்களுடைய தர்க்கம் இன்னும் கூர்மையானது: ‘தொலைவில் பார்ப்பது கடந்த காலத்தைப் பார்ப்பது. அங்கே வேகம் அதிகம் என்றால், கடந்த காலத்தில் விரிவு விரைவாக இருந்து இப்போது குறைந்துவிட்டது என்றல்லவா ஆகிறது?’ நல்ல கேள்வி. ஆனால் தொலைவான மண்டலத்தின் வேகம் பெரிதாக இருப்பதற்கு முதல் காரணம் அதன் தொலைவே, அதன் காலம் அன்று. முடுக்கத்தைக் கண்டறிய வேண்டுமானால் வேறு கணக்குப் போட வேண்டும்.

ஒளி புறப்பட்டதிலிருந்து இன்றுவரை பிரபஞ்சம் எத்தனை மடங்கு விரிந்திருக்கிறது என்பதை அதன் செம்பெயர்ச்சி, அதாவது வழியில் ஒளியின் அலைநீளம் நீண்டு சிவந்துள்ள அளவு, சொல்லிவிடும். செம்பெயர்ச்சி 1 என்றால், ஒளி கிளம்பியபோது தூரங்கள் எல்லாம் இன்றைய அளவில் பாதியாக இருந்தன. அந்த இரட்டிப்புக்கு எவ்வளவு காலம் பிடித்தது என்பதைச் செம்பெயர்ச்சி சொல்லாது. அதற்கு ஒளி எவ்வளவு தொலைவைக் கடந்து வந்தது என்று தனியாக அளக்க வேண்டும். 1998இல் இரு குழுக்களும் அதற்குப் பயன்படுத்தியவை 1ஏ வகைச் சூப்பர்நோவாக்கள் எனப்படும் வெடித்த விண்மீன்கள்: அவற்றின் தோற்றப் பிரகாசம் தொலைவைக் காட்டும். விரிவு முன்பு விரைவாக இருந்து பின்பு தளர்ந்திருந்தால் இரட்டிப்பு குறுகிய காலத்தில் முடிந்திருக்கும். ஒளி கடந்த தொலைவும் குறைவாக இருக்கும். வெடித்த விண்மீன் பிரகாசமாகத் தெரியும். முன்பு மெதுவாக இருந்து பின்பு முடுக்கம் பெற்றிருந்தால் காலமும் தொலைவும் நீளும். விண்மீன் மங்கித் தெரியும். 1998இல் கண்டது இரண்டாவதை. பொருள் குறைவாக உள்ள, ஆனால் முடுக்கம் இல்லாத ஒரு பிரபஞ்சத்தில் எதிர்பார்க்கத்தக்க தொலைவைவிட அந்தச் சூப்பர்நோவாக்கள் சராசரியாக 10 முதல் 15 சதவீதம் கூடுதல் தொலைவில் இருந்தன.

சூப்பர்நோவாக்கள் மங்கலாகத் தெரிவதற்கு இடையில் உள்ள தூசி காரணமாக இருக்கலாமே? அல்லது வழியில் ஒளி ஆற்றல் இழந்து ‘களைத்து’ விடலாமே?

இரண்டையும் ஆய்வாளர்களே முதலில் எழுப்பி, முதலில் சோதித்தார்கள். சாதாரணத் தூசி ஒளியை மங்கச் செய்வதோடு சிவக்கவும் செய்யும். அந்த நிறமாற்றத்தை அளந்து கணக்கில் கழித்துவிடலாம். நிறம் மாற்றாத ‘சாம்பல் தூசி’ ஒன்று இருந்தால் என்ன செய்வது என்பதுதான் சிக்கலாக இருந்தது. தூசி காரணம் என்றால், தொலைவு கூடக் கூட மங்கலும் கூடிக்கொண்டே போக வேண்டும். ஆனால் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியைக் கொண்டு செம்பெயர்ச்சி 1க்கு அப்பால் உள்ள சூப்பர்நோவாக்களைப் பார்த்தபோது அந்தப் போக்கு திரும்பியிருந்தது. மிகப் பழைய காலத்தில் விரிவு தளர்ந்துகொண்டிருந்தது என்ற எதிர்பார்ப்போடு அது ஒத்துப்போயிற்று. தூசிக்கு அப்படித் திரும்பத் தெரியாது.

ஒளி களைக்கிறது என்ற கருத்தை வீழ்த்துவது இன்னும் எளிது. செம்பெயர்ச்சி 1இல் உள்ள ஒரு சூப்பர்நோவா, அருகில் உள்ள அதே வகைச் சூப்பர்நோவாவைவிட இரு மடங்கு காலம் எடுத்துப் பிரகாசத்தில் ஏறி இறங்குகிறது. களைத்த ஒளி சிவக்கலாம்; நிகழ்ச்சியின் கால அளவையே அதனால் நீட்ட முடியாது.

ஒரு திருத்தமும் இங்கே தேவைப்படுகிறது. இந்த 1ஏ வகைச் சூப்பர்நோவாக்கள் எல்லாம் ஒரே பிரகாசம் உடையவை என்று அடிக்கடி எழுதப்படுகிறது. சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு நிறை என்ற சந்திரசேகர் எல்லையை, எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீன் ஒன்று நெருங்கும்போது வெடிக்கிறது, ஆகவே எல்லாம் ஒன்றுபோல் இருக்கும் என்பது பாடநூல் விளக்கம். உண்மையில் அவற்றின் பிரகாசம் கணிசமாக மாறுபடுகிறது. பிரகாசமானவை மெதுவாக மங்கும் என்ற உறவை 1993இல் மார்க் பிலிப்ஸ் நிறுவிய பிறகே அவற்றைத் தர அளவுகோலாக நம்பிக்கையுடன் பயன்படுத்த முடிந்தது. மேலும், முடுக்கம் இன்று சூப்பர்நோவாக்களை மட்டும் நம்பி நிற்கவில்லை. பெருவெடிப்பின் எச்ச ஒளியான அண்ட நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சில் உள்ள வடிவங்களும், மண்டலங்களின் பரவலில் 2005இல் கண்டறியப்பட்ட, இளம் பிரபஞ்சத்தில் பரவிய ஒலியலைகளின் தடயங்களும் வேறு வழிகளில் அதே இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன.

பெருவெடிப்பு கொடுத்த உந்துதல்தான் இன்னும் முடுக்குகிறதா? தொடக்கம் முதலே முடுக்கம் இருந்ததா?

உந்துதல் மட்டும் இருந்தால் முடுக்கம் வராது. மேலே எறிந்த கல் போகப் போகத் தளர்வதுபோல், பொருளின் ஈர்ப்பால் விரிவும் தளர்ந்திருக்க வேண்டும். உண்மையில் வரலாற்றின் முதல் பாதியில் அப்படித்தான் தளர்ந்தது. பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள். அதில் ஏறத்தாழ முதல் 770 கோடி ஆண்டுகள் விரிவு தளர்ந்துகொண்டிருந்தது. முடுக்கம் தொடங்கி 600 கோடி ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகிறது. இடம் விரிய விரியப் பொருளின் அடர்த்தி குறைந்தது, இருண்ட ஆற்றலின் அடர்த்தியோ ஏறத்தாழ அப்படியே இருந்தது. பொருளின் அடர்த்தி இருண்ட ஆற்றலின் அடர்த்தியைப்போல் இரு மடங்குக்குக் கீழே இறங்கிய கணத்தில் தளர்ச்சி முடுக்கமாக மாறியது. எந்த ‘சுவிட்சும்’ போடப்படவில்லை.

முதல் நொடியின் மிகச் சிறு பகுதியில் நடந்ததாகக் கருதப்படும் வீக்கக் கட்டமும், அதாவது அதிவிரைவான விரிவும், ஒரு முடுக்கமே. ஆனால் அது வேறு, இது வேறு. இரண்டுக்கும் அடிப்படையில் தொடர்பு உண்டு என்று காட்டும் சான்று இதுவரை இல்லை.

இருண்ட ஆற்றல் என்பது மண்டலங்களை வெளிப்புறமாகத் தள்ளும் ஒரு விசையா?

‘தள்ளும் விசை’ என்ற படம் வசதியானது, ஆனால் வழிதவறச் செய்வது. பொதுச் சார்பியல் கோட்பாட்டில் ஈர்ப்பை உண்டாக்குவது நிறை மட்டும் அன்று, அழுத்தமும் உண்டாக்கும். ஆற்றல் அடர்த்தியோடு அழுத்தத்தின் மூன்று மடங்கைக் கூட்டினால் வருவதே விரிவைத் தளர்த்துவதா முடுக்குவதா என்பதைத் தீர்மானிக்கிறது. சாதாரண வாயு விரியும்போது ஆற்றலை இழக்கும்; அதன் அழுத்தம் நேர்மறை. இருண்ட ஆற்றலின் அடர்த்தி விரியும்போதும் குறைவதில்லை, ஆகவே கன அளவு கூடக் கூட மொத்தமும் கூடுகிறது. இழுத்த ரப்பரைப்போல் இப்படி நடந்துகொள்ளும் எதற்கும் அழுத்தம் எதிர்மறையாக இருக்கும். அடர்த்தி சிறிதும் மாறாத இருண்ட ஆற்றலை, அதாவது ஐன்ஸ்டைனின் அண்டவியல் மாறிலியை, எடுத்துக்கொண்டால் அது ஆற்றல் அடர்த்திக்குச் சமமான அளவில் எதிர்மறை. ஒன்றிலிருந்து மூன்றைக் கழித்தால் எதிர்மறை இரண்டு. கூட்டுத்தொகையின் குறி மாறிவிட்டதால் விரிவு முடுக்கம் பெறுகிறது.

இங்கே இன்னொரு சறுக்கலும் நிகழ்வதுண்டு. ‘எதிர்மறை அழுத்தம் என்றால் உள்நோக்கி அல்லவா இழுக்க வேண்டும்?’ என்பார்கள். அழுத்தம் இழுக்கவோ தள்ளவோ வேண்டுமானால் இடத்துக்கு இடம் அது வேறுபட வேண்டும். எங்கும் ஒரே அளவாக உள்ள அழுத்தம் எதையும் நகர்த்தாது. முடுக்கம் அந்த அழுத்தத்தின் ஈர்ப்பு விளைவிலிருந்து வருவது, அழுத்தத்தின் நேரடித் தள்ளலிலிருந்து வருவது அன்று.

இருண்ட ஆற்றலும் இருண்ட பொருளும் ஒன்றா?

பெயரில் மட்டுமே உறவு. இருண்ட பொருள் ஈர்க்கிறது, திரள்கிறது, மண்டலங்களைச் சூழ்ந்து நிற்கிறது. இருண்ட ஆற்றல் திரள்வதாகத் தெரியவில்லை. இன்றைய கணக்கில் இருண்ட ஆற்றல் சுமார் 68 சதவீதம், இருண்ட பொருள் சுமார் 27 சதவீதம், அணுக்களால் ஆன சாதாரணப் பொருள் சுமார் 5 சதவீதம்.

பிரபஞ்சம் விரிகிறது என்றால் நம் உடலும் பூமியின் பாதையும் பால்வீதியும் சேர்ந்து விரிகின்றனவா?

இல்லை. மின்விசையாலோ ஈர்ப்பாலோ கட்டுண்ட எதுவும் அண்ட விரிவில் பங்கேற்பதில்லை. ‘விரியத்தான் செய்கிறது, ஆனால் அளக்க முடியாத அளவுக்குச் சிறியது’ என்று சமாதானம் சொல்வதும் சரியன்று. மாறாத இருண்ட ஆற்றல், கட்டுண்ட ஓர் அமைப்பின் சமநிலையை மிகச் சிறிய அளவில் ஒருமுறை மாற்றி அமைக்குமே தவிர, அதைத் தொடர்ந்து வளரச் செய்யாது.

அந்த மாற்றம் எவ்வளவு சிறியது என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு கணக்கு: இருண்ட ஆற்றலின் அடர்த்தி, ஒரு கன மீட்டருக்கு மூன்று அல்லது நான்கு ஹைட்ரஜன் அணுக்களின் நிறைக்குச் சமம். சூரியனை மையமாகவும் பூமியின் பாதையை எல்லையாகவும் கொண்ட கோளம் முழுவதிலும் உள்ள இருண்ட ஆற்றலைத் திரட்டினால் ஏறக்குறைய 80,000 டன் நிறைக்குத்தான் வரும். சூரியனின் நிறையோ 2ஐ அடுத்து 27 சுழிகள் இட்ட டன். இருண்ட ஆற்றல் வலிமையால் வெல்வதில்லை. வெற்றிடம் ஏராளமாக இருப்பதால் வெல்கிறது. ஆண்ட்ரோமீடா மண்டலம் 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் இருந்தும் விலகாமல் நொடிக்குச் சுமார் 110 கி.மீ. வேகத்தில் நம்மை நெருங்கிவருவதற்குக் காரணம், அந்தத் தொலைவிலும் ஈர்ப்பின் கை ஓங்கியிருப்பதே.

ஒளியைவிட விரைவாக விலகும் மண்டலங்கள் சார்பியலை மீறவில்லையா? அவற்றை நாம் பார்க்கவே முடியாதல்லவா?

இரண்டுக்கும் பதில் ‘இல்லை’ என்பதே. ஒளியின் வேகம் என்ற உச்சவரம்பு, அருகருகே கடந்துசெல்லும் பொருள்களுக்கு இடையில்தான் செல்லுபடியாகும். விரிவினால் வரும் விலகு வேகம் அவ்வகையைச் சேர்ந்ததன்று; எந்த மண்டலமும் தன் இடத்தில் ஒளியை முந்தி ஓடுவதில்லை. தொலைவு ஏறத்தாழ 1,450 கோடி ஒளியாண்டுகளைத் தாண்டினால் விலகு வேகம் ஒளியின் வேகத்தைத் தாண்டிவிடும். முடுக்கம் இல்லாத பிரபஞ்சத்திலும் இப்படி ஓர் எல்லை இருக்கும் என்பதால், இதை முடுக்கத்தின் விளைவு என்று சொல்வதும் தவறு.

செம்பெயர்ச்சி சுமார் 1.5க்கு மேல் உள்ள மண்டலங்கள் எல்லாம் இன்று ஒளியைவிட விரைவாக விலகுகின்றன. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி செம்பெயர்ச்சி 14 வரை படம் எடுத்துத் தந்திருக்கிறது. அந்த ஒளி நம்மை எப்படி எட்டியது? முதல் கேள்விக்கான விடையிலேயே இதற்கும் விடை இருக்கிறது. ஹபிள் வீதம் குறையக் குறைய, ஒளிவேகத்தில் விலகும் தொலைவு என்ற எல்லை வெளிநோக்கி நகர்கிறது. நம்மை நோக்கிப் புறப்பட்டும் தொடக்கத்தில் பின்னுக்கு இழுக்கப்பட்ட ஒளியை அந்த எல்லை எட்டிப்பிடித்து உள்ளே சேர்த்துக்கொள்கிறது; அதன்பின் ஒளி முன்னேறி வந்துவிடுகிறது.

முடுக்கம் கொண்டுவரும் உண்மையான தடை வேறு. இன்று ஏறத்தாழ 1,700 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள ஒரு மண்டலத்திலிருந்து இந்தக் கணத்தில் கிளம்பும் ஒளி என்றைக்குமே நம்மை எட்டாது. அம்மண்டலத்தின் பழைய ஒளி மட்டும், மேலும் மேலும் சிவந்தும் மங்கியும், நெடுங்காலத்துக்கு வந்துகொண்டிருக்கும்.

இடம் விரிய விரிய இருண்ட ஆற்றலும் கூடுகிறது என்றால், ஆற்றல் அழியாமை விதி என்னாயிற்று?

ஆற்றல் அழியாமை என்பது, இயற்பியல் விதிகள் இயங்கும் பின்புலம் காலத்தோடு மாறாமல் இருக்கும்போது கிடைக்கும் விதி. எம்மி நோதர் 1918இல் வெளியிட்ட தேற்றம் இதைத் தெளிவாக்கியது. விரியும் பிரபஞ்சத்தில் பின்புலமே மாறுகிறது. ஒவ்வொரு சிறு இடத்திலும் கணக்கு துல்லியமாக நேராகும். முழுப் பிரபஞ்சத்துக்கும் ஒரே மொத்தத் தொகை எழுதத்தான் வழி இல்லை. செம்பெயர்ச்சியால் ஒளித்துகள் இழக்கும் ஆற்றல் எங்கே போயிற்று என்ற பழைய கேள்விக்கும் இதே விடைதான்.

ஐன்ஸ்டைன் இருண்ட ஆற்றலை முன்கூட்டியே கணித்தாரா?

அவர் 1917இல் அண்டவியல் மாறிலியைச் சேர்த்தது இதற்கு நேர்மாறான நோக்கத்துக்காக: அசையாத பிரபஞ்சம் ஒன்றைத் தாங்கி நிறுத்துவதற்காக. அதைத் தம் மிகப் பெரிய தவறு என்று அவர் சொன்னதாகக் கூறப்படுவது ஜார்ஜ் காமோவ் எழுதிய நினைவுகள் வழியாகப் பரவியது. கணக்கில் ஒரு சுவையான ஒற்றுமை உண்டு: ஐன்ஸ்டைனின் அசையாப் பிரபஞ்சத்துக்குப் பொருளின் அடர்த்தி மாறிலியின் அடர்த்தியைப்போல் சரியாக இரு மடங்கு இருந்தாக வேண்டும். நம் பிரபஞ்சம் 600 கோடி ஆண்டுகளுக்கு முன் அதே விகிதத்தைக் கடந்து சென்றது; ஆனால் நிற்கவில்லை, ஏற்கெனவே விரிந்துகொண்டிருந்தது.

67.4 என்கிறார்கள், 73 என்கிறார்கள். ஹபிள் மாறிலியிலேயே உடன்பாடு இல்லாதபோது முடுக்கத்தை எப்படி நம்புவது?

பின்னணிக் கதிர்வீச்சிலிருந்து பெறும் மதிப்புக்கும், அருகில் உள்ள மண்டலங்களை அளந்து பெறும் மதிப்புக்கும் சுமார் 8 சதவீத வேறுபாடு இருப்பது உண்மை. அது தீராத சிக்கல். ஆனால் முடுக்கத்தைத் தீர்மானிப்பது அருகில் உள்ளவற்றுக்கும் தொலைவில் உள்ளவற்றுக்கும் இடையிலான ஒப்பீடு. ஹபிள் மாறிலியின் இன்றைய மதிப்பு எதுவானாலும் அந்த ஒப்பீடு மாறாது.

இருண்ட ஆற்றல் வலுவிழந்து வருவதாக அண்மையில் செய்தி வந்தது. அப்படியானால் முடுக்கம் பொய்யாகிவிட்டதா?

அமெரிக்காவின் அரிசோனாவில் கிட் பீக் மலையில் 5,000 ஒளியிழைகளை இயந்திரக் கைகளால் திருப்பி மண்டலங்களின் நிறமாலையைப் பதிவுசெய்யும் டெசி என்ற கருவியின் முடிவுகள் 2024லிலும் 2025லிலும் வெளிவந்தன. இருண்ட ஆற்றலின் அடர்த்தி காலத்தோடு மாறிவரக்கூடும் என்பதற்கான குறிப்புகள் அவற்றில் உள்ளன. அந்தக் குறிப்பின் வலு, எந்தச் சூப்பர்நோவாத் தொகுப்போடு சேர்த்துப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து 2.8 முதல் 4.2 சிக்மா வரை மாறுகிறது (சிக்மா கூடக் கூட, அது தற்செயலாக நேர்ந்திருக்கும் வாய்ப்பு குறையும்). கண்டுபிடிப்பு என்று அறிவிக்க வழக்கமாகக் கோரப்படும் 5 சிக்மாவை அது எட்டவில்லை. எட்டினாலும் அதன் பொருள், இருண்ட ஆற்றல் ஐன்ஸ்டைனின் மாறிலி அன்று என்பதே. கடந்த பல நூறு கோடி ஆண்டுகளில் விரிவு முடுக்கம் பெற்றது என்ற முடிவை அது அழித்துவிடாது.

இந்த வேறுபாட்டைச் செய்தித் தலைப்புகள் பெரும்பாலும் விழுங்கிவிடுகின்றன. முடுக்கம் என்பது அளந்து கண்ட நிகழ்வு. இருண்ட ஆற்றல் என்பது அதற்குக் காரணமாக இருப்பதற்கு நாம் வைத்திருக்கும் பெயர். அந்தப் பெயரை மைக்கேல் டர்னர் 1998இல் இட்டபோதே, உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அது மாறிலியாகவே இருந்தால் விரிவு மடங்கு மடங்காக என்றென்றும் தொடரும். வலுவிழந்துவந்தால் முடுக்கம் ஒரு நாள் ஓயலாம். அடர்த்தி கூடிவந்தால் மட்டுமே மண்டலங்களையும் அணுக்களையும் கிழித்தெறியும் ‘பெருங்கிழிவு’ நேரும். பலரும் முடுக்கம் என்றாலே அந்த முடிவுதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 2023 ஜூலையில் ஏவப்பட்ட யூக்ளிட் விண்கலம் வானத்தின் மூன்றில் ஒரு பங்கை வரைந்து முடிக்கும்போது, இம்மூன்றில் எது என்பதைப் பற்றி இன்றைவிட உறுதியாகப் பேச முடியும்.